வாய்தா வாங்காம படிங்க பாஸ்!

ஏற்காடு போற பலரும் அஸ்தம்பட்டியைத் தொட்டுட்டுத்தான் போவாங்க. ஆனா, மலை ஏறுற அவசரத்துல ரவுண்டானாவைச் சுத்திப் பறந்துடுவோம். அந்தப் பக்கம் கறுப்பு கோட்டும் வெள்ளை பேண்டுமா நடமாட்டம் இருக்கும். 'ஓ... கோர்ட்டா?'னு ஒரு லுக் விட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்போம்.

கொஞ்சம் வண்டியை ஓரங்கட்டுங்க. டெல்லியோ, கொல்கத்தாவோ, இந்தியாவுல எந்த லா காலேஜா இருந்தாலும் சரி, சிவில் நடைமுறைச் சட்டம் படிக்கிறவங்க 'சேலம்'ங்கிற பேரைத் தாண்டிப் போகவே முடியாது. 'சேலம் அட்வகேட் பார் அசோசியேஷன் எதிர் இந்திய ஒன்றியம்'ங்கிறது சுப்ரீம் கோர்ட்டோட ரொம்பப் பிரபலமான வழக்கு. நம்ம ஊர் வக்கீல் சங்கம் போட்ட கேஸ்தாங்க அது!

சேலத்துலயும் நாமக்கல்லயும் 2019-ல அரசு சட்டக் கல்லூரிகள் வந்தாச்சு. முதல் வருஷம் சேர்ந்த ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டா, எல்லாரும் ஒரே பல்லவிதான் பாடுறாங்க. "செக்ஷன்கூடப் புரியுது மச்சி... வார்த்தைதான் புரியல!" பிராதுங்கிறான், வக்காலத்துங்கிறான், வாய்தாங்கிறான். பாதி உருது, பாதி லத்தீன், மீதி இங்கிலீஷ்.

நான் படிக்கிறது இன்ஜினியரிங். எங்களுக்கு எதுவுமே ஃப்ளோ சார்ட்டா இருந்தாத்தான் மண்டையில ஏறும். அதனால ஒரு கற்பனை கேஸைக் கையில எடுத்துக்கிட்டு, கோர்ட் வாசல்ல இருந்து கடைசி படி வரைக்கும் நடந்துடலாம். வழியில வர்ற வார்த்தைகளை அங்கங்கேயே பொறுக்கிக்கலாம். லா ஸ்டூடண்ட்ஸுக்கு இது அரிச்சுவடி. மத்தவங்களுக்கு? நாளைக்கு உங்க வீட்டுக்கே ஒரு சம்மன் வந்தா கை நடுங்காம பிரிச்சுப் படிக்கலாமே!

முதல்ல ஒரு கோடு போடுங்க

கோர்ட்ல நடக்கிற விஷயங்களை ரெண்டாப் பிரிச்சுக்கோங்க. ஒண்ணு சிவில், அதாவது உரிமையியல். இன்னொண்ணு கிரிமினல், அதாவது குற்றவியல். சொத்து, கடன், ஒப்பந்தம் மாதிரி 'எனக்குச் சேர வேண்டியதைக் கொடு' சண்டை எல்லாம் சிவில். அடிதடி, திருட்டு, கொலை எல்லாம் கிரிமினல்.

சிவில்ல கேஸ் போடுறவர் வாதி. எதிர்ல நிக்கிறவர் பிரதிவாதி. கிரிமினல்ல வழக்கு நடத்துறது பெரும்பாலும் அரசு. ஏன்னா, குற்றம்ங்கிறது ஒரு ஆளுக்கு மட்டும் செஞ்ச தப்பு இல்ல, மொத்த சமூகத்துக்கும் எதிரானதுன்னு சட்டம் நினைக்குது. எதிர்ல நிக்கிறவர் 'குற்றம் சாட்டப்பட்டவர்'. கவனிங்க, 'குற்றவாளி' இல்ல. தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. டீக்கடை பெஞ்சுலயும் இதை ஃபாலோ பண்ணலாம்!

ஒரே சம்பவம் ரெண்டு கோர்ட்டுக்கும் போகலாம். ஒரு லாரி பைக்ல மோதிடுதுன்னு வைங்க. டிரைவர் மேல போலீஸ் போடுறது கிரிமினல் கேஸ். அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டுப் போறது மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்கு. அது சிவில் ரகம்.

நிரூபிக்கிற அளவுகோலும் வேற வேற. கிரிமினல்ல 'நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம' நிரூபிக்கணும், ஏன்னா ஒருத்தரோட சுதந்திரமே போகப் போகுது. சிவில்ல அவ்வளவு கறார் கிடையாது. ரெண்டு தரப்புல யார் சொல்றது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னு தராசுல வச்சுப் பார்ப்பாங்க. முள்ளு கொஞ்சம் சாஞ்சா போதும்.

நம்ம கற்பனை கேஸ்

உங்க அப்பாகிட்ட ஓமலூர் நண்பர் ஒருத்தர் 80,000 ரூபாய் கடன் வாங்குறார். சேலத்துல வச்சு பணம் கைமாறுது. கேட்கும்போது தர்றேன்னு புரோநோட்டு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறார். வருஷம் ரெண்டு ஓடிப் போச்சு. போன் பண்ணினா கட் பண்றார். இந்தப் பக்கம் உங்க செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கடைசி தேதி நெருங்குது.

அப்பா முதல்ல அனுப்புறது வக்கீல் நோட்டீஸ். அதுக்கும் அசையலைன்னா கேஸ். ஆனா, அதுக்கு முன்னாடி ரெண்டு செக்.

முதல் செக், காலவரம்பு. காலவரம்புச் சட்டம், 1963-ன்படி இந்த மாதிரி புரோநோட்டுக்கு மூணு வருஷம்தான் கணக்கு. மூணு வருஷம் கழிச்சுப் போனா, கடன் நிஜம்னாலும் கேஸ் நிக்காது. நடுவுல கடன்காரர் ஒரு சின்னத் தொகையைக் கொடுத்து, நோட்டுக்குப் பின்னாடி 'வரவு' எழுதிக் கையெழுத்துப் போட்டா, அன்னிக்கு இருந்து புதுசா மூணு வருஷம் ஓட ஆரம்பிக்கும். அதுவும் பழைய மூணு வருஷம் முடியறதுக்குள்ள நடந்திருக்கணும். நம்ம ஊர் பெரியவங்க 'வரவு வச்சு வாங்கிக்கோ'னு சொல்றதுல இவ்வளவு சட்டம் இருக்கு பாருங்க.

ரெண்டாவது செக், அதிகார வரம்பு. எந்த கோர்ட்? பிரதிவாதி குடியிருக்கிற இடத்துலயும் போடலாம், வழக்கு மூலம் உருவான இடத்துலயும் போடலாம். 'வழக்கு மூலம்'னா கேஸ் போடுற உரிமை எந்தச் சம்பவத்துல இருந்து பிறந்துச்சோ அது. பணம் கைமாறினது சேலத்துல. அதனால சேலத்துல போட வழி இருக்கு.

இப்போ பிராது. வாதி தன் கதையை எழுத்துல சொல்ற மனு இது. என்ன நடந்துச்சு, என்ன வேணும்னு ரெண்டும் அதுல இருக்கணும். 'என்ன வேணும்'ங்கிறதுக்குப் பேரு பரிகாரம். கோயில் பரிகாரம் இல்ல பாஸ், கோர்ட் பரிகாரம்! கேட்காத பரிகாரத்தை கோர்ட் பொதுவா தானா கொடுக்காது. கூடவே கோர்ட் ஃபீஸ் கட்டணும். 'எனக்காக இவர் ஆஜராவார்'னு வக்கீலுக்குக் கொடுக்கிற அதிகாரம்தான் வக்காலத்து.

எல்லாம் சரியா இருந்தா கேஸுக்கு ஒரு ஓ.எஸ். நம்பர் விழும். ஓ.எஸ்.னா அசல் வழக்கு.

சம்மன் வந்தா வாங்கணும்!

அடுத்தது அழைப்பாணை, நம்ம பாஷையில சம்மன். 'உங்க மேல கேஸ் இருக்கு, வந்து பதில் சொல்லுங்க'ங்கிற கடிதம். கோர்ட் அமீனா கொண்டு வருவார். 'வாங்கலைன்னா கேஸ் நடக்காது'ன்னு சிலர் கதவைச் சாத்திக்குவாங்க. தப்புக் கணக்கு. வாங்க மறுத்தா, கதவுலயே ஒட்டிட்டுப் போகவும் சட்டத்துல வழி இருக்கு.

சம்மன் சேர்ந்தும் பிரதிவாதி வரலைன்னா, கோர்ட் அவர் இல்லாமலே கேஸை முடிச்சுடலாம். அதுதான் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, கோர்ட் வராண்டா பாஷையில 'எக்ஸ்பார்ட்டி'. அதை ரத்து பண்ணக் கேட்க 30 நாள் டைம். தகுந்த காரணமும் காட்டணும்.

வந்தார்னா, தன் பக்கக் கதையை எழுதித் தரணும். அதுதான் எதிருரை. எத்தனை நாளுக்குள்ள? இந்தக் கேள்வியிலதான் நம்ம சேலம் கேஸ் என்ட்ரி ஆகுது.

சேலம் கேஸ்... நடந்தது என்ன?

1908-ல வந்தது சிவில் நடைமுறைச் சட்டம். இன்னிக்கும் அதேதான். கேஸ் வருஷக்கணக்கா இழுக்குது, தாத்தா போட்ட கேஸுக்குப் பேரன் தீர்ப்பு வாங்குறான்னு எல்லாரும் புலம்ப, நாடாளுமன்றம் 1999-லயும் 2002-லயும் திருத்தம் கொண்டு வந்துச்சு. 2002 ஜூலை 1-ல அமலுக்கும் வந்துடுச்சு.

புது விதிகள் செம ஸ்பீடு. எதிருரைக்கு 30 நாள், காரணத்தைப் பதிவு பண்ணி நீட்டிச்சாலும் 90 நாள், அதுக்கு மேல கிடையாது. ஒரு தரப்புக்கு மூணு வாய்தாவுக்கு மேல கிடையாது. சாட்சி கோர்ட்ல நின்னு கதை சொல்ல வேணாம், பிரமாணப் பத்திரமா எழுதிக் கொடுத்தா போதும். சம்மனை கூரியர்லயும் அனுப்பலாம்.

கேட்க நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் வக்கீல்கள் கேஸ் போட்டாங்க? ஒரு நிமிஷம் ஓமலூர்க்காரர் இடத்துல நின்னு பாருங்க. அவர் நிஜமாவே கடனைத் திருப்பிக் கொடுத்திருந்தா? நோட்டைக் கிழிச்சுப் போடாம விட்டதுதான் அவர் செஞ்ச தப்புன்னா? ஆஸ்பத்திரியில கிடந்து 91-வது நாள் பதிலோட வந்தா, 'டைம் ஓவர்'னு கதவை மூடிடலாமா? வேகமா முடிக்கிறதும் நியாயமா முடிக்கிறதும் எப்பவும் ஒண்ணா இருக்கிறதில்ல. மொத்த வழக்கோட உயிர்நாடி இந்தக் கேள்விதான்.

2002 அக்டோபர் 25-ல முதல் தீர்ப்பு வந்துச்சு. திருத்தங்கள் அரசியல் சட்டப்படி செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா, நடைமுறைச் சிக்கல்களைப் பார்க்க நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையில ஒரு குழுவைப் போட்டுச்சு. அந்தக் குழு அறிக்கை கொடுத்த பிறகு, 2005 ஆகஸ்ட் 2-ல ரெண்டாவது தீர்ப்பு. எழுதினவர் நீதிபதி ஒய்.கே.சபர்வால்.

இங்கேதான் ரெண்டு முக்கியமான வார்த்தைகள். கட்டாய விதி, வழிகாட்டு விதி. முதலாவதை மீறினா அவ்வளவுதான், கதை முடிஞ்சது. ரெண்டாவதைப் பொதுவா கடைப்பிடிக்கணும், ஆனா நியாயம் கேட்டா கோர்ட் தளர்த்தலாம். அந்த 90 நாள் வழிகாட்டு விதிதான்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது. நடைமுறை விதிங்கிறது நீதிக்கு வேலை செய்யத்தான் இருக்கு, நீதியைத் தடுக்க இல்லைங்கிறதுதான் அடிப்படை. அதுக்காகக் கேட்டவனுக்கெல்லாம் டைம் கொடுக்கவும் கூடாது, ரொம்பக் கஷ்டமான, விதிவிலக்கான நேரத்துல மட்டும்தான்னு பூட்டும் போட்டுச்சு.

மூணு வாய்தா கணக்குக்கும் அதே வைத்தியம். திடீர்னு ஆஸ்பத்திரியில சேர்ந்தாலோ, போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், சுனாமி மாதிரி பேரிடர் வந்தாலோ மூணுக்கு மேலயும் கொடுக்கலாம். 'சட்டம் செல்லாது'ன்னு தூக்கிப் போடாம, 'இதை இப்படித்தான் அர்த்தம் பண்ணிக்கணும்'னு சுருக்கிக் காப்பாத்துறதுக்கு சட்ட பாஷையில 'ரீடிங் டவுன்'னு பேரு. எக்ஸாம்ல கேட்டா, நம்ம ஊர் கேஸையே உதாரணமா எழுதிடுங்க!

ஒரு எச்சரிக்கை. வணிக நீதிமன்றச் சட்டம், 2015-க்குள்ள வர்ற கேஸ்ல இந்தச் சலுகை இல்ல. அங்கே 120 நாள்தான் உச்சவரம்பு, அது கட்டாயம்னு 2019-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

கூண்டுக்குள்ள...

கேஸுக்குத் திரும்புவோம். ஓமலூர்க்காரர் எதிருரை போட்டார். 'கையெழுத்து என்னுதுதான், ஆனா பணம் வாங்கலை. வெத்து நோட்டுல போட்டுக் கொடுத்தேன்' என்கிறார். நம்ம கோர்ட்டுகள்ல தினம் கேட்கிற டயலாக்!

ரெண்டு தரப்பும் எங்கே முட்டிக்குதுன்னு கோர்ட் எழுதி வைக்கும். அதுக்குப் பேரு எழுவினாக்கள். வக்கீலுங்க 'இஷ்யூஸ்'னுதான் சொல்வாங்க. இங்கே எழுவினா, 'பணம் கைமாறுச்சா, இல்லையா?'

இதை யார் நிரூபிக்கணும்? அதுதான் நிரூபணச் சுமை. பொதுவா, 'நடந்துச்சு'ன்னு சொல்றவர் மேலதான் அது விழும். ஆனா புரோநோட்டுல ஒரு ட்விஸ்ட். கையெழுத்து அவரோடதுன்னு ஆகிட்டா, பணம் கைமாறினதாவே கோர்ட் எடுத்துக்கும். மாற்று முறை ஆவணச் சட்டத்தோட 118-வது பிரிவு சொல்ற அனுமானம் இது. 'வாங்கலை'ன்னு காட்ட வேண்டிய சுமை இப்போ ஓமலூர்க்காரர் தோள்ல. படிச்சுப் பார்க்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கன்னு வீட்டுல திட்டுறது சும்மா இல்லீங்க.

அப்பா தன் சாட்சியத்தைப் பிரமாணப் பத்திரமா கொடுப்பார். இது முதல் விசாரணை. அதுக்கப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வியால துளைப்பார். அது குறுக்கு விசாரணை. சினிமாவுல 'அப்ஜெக்‌ஷன் யுவர் ஆனர்'னு மேஜையைத் தட்டுற சீன் எல்லாம் நிஜத்துல கம்மி. பெரும்பாலும் அமைதியா, டைப்பிங் சத்தத்தோட போகும்.

எழுதிக் கொடுக்கிறதுலயும் ஒரு சிக்கல் இருந்துச்சு. சாட்சி நம்ம பேச்சைக் கேட்காத ஆளா இருந்தா? உதாரணமா, கோர்ட் சம்மன் அனுப்பி வரவழைக்கிற ஒரு அதிகாரி. அவர்கிட்ட போய் 'சார், எங்களுக்காகப் பிரமாணப் பத்திரம் எழுதித் தாங்க'ன்னு கேட்க முடியுமா? அந்த மாதிரி சாட்சியை கோர்ட்லயே விசாரிக்கலாம்னு சேலம் கேஸ் தெளிவாக்கிடுச்சு.

சண்டையா, சமாதானமா?

சேலம் கேஸை லா ஸ்டூடண்ட்ஸ் மறக்காததுக்கு இன்னொரு காரணம், 89-வது பிரிவு. 'எல்லாத்தையும் தீர்ப்பு வரைக்கும் இழுக்கணுமா? பேசித் தீர்க்க வாய்ப்பு இருந்தா அனுப்பி வைங்க'ன்னு கோர்ட்டுக்கே சொல்ற பிரிவு. நாலு ரூட் இருக்கு.

ஆர்பிட்ரேஷன்: ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரு நடுவர் முடிவு சொல்வார். அந்த முடிவு ரெண்டு பேரையும் கட்டும்.

கன்சிலியேஷன்: இணக்கம் பேசுறவர் யோசனை சொல்வார், திணிக்க மாட்டார்.

மீடியேஷன்: சமரசம் பேசுறவர் பேச வைப்பார். முடிவு நம்ம கையில.

லோக் அதாலத்: மக்கள் நீதிமன்றம். இங்கே ராஜியானா அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். அதுக்கு மேல்முறையீடு கிடையாது.

இதுல ஒரு காமெடி. அந்தப் பிரிவுல மீடியேஷனுக்குச் சொல்ல வேண்டிய விளக்கமும், நீதிமன்ற வழித் தீர்வுக்குச் சொல்ல வேண்டிய விளக்கமும் இடம் மாறிப் போயிருந்துச்சு! 2010-ல ஆஃப்கான்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டுபிடிச்சு, மாத்திப் போட்டுப் படிங்கன்னு சொன்னது. நாம ரெக்கார்டு நோட்ல படம் மாத்தி ஒட்டுறது மாதிரி நாடாளுமன்றத்துலயும் நடக்கும்போல.

மெட்ராஸ் ஹைகோர்ட் வளாகத்துல 2005-லயே சமரச மையம் ஆரம்பிச்சாச்சு. 2023-ல மீடியேஷனுக்குனு தனிச் சட்டமே வந்துச்சு. சமாதானமாப் போறதுல பண லாபமும் உண்டு, கட்டின கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். கோர்ட் அனுப்பித்தான் பேசணும்னு இல்ல, தாங்களாவே வெளியே பேசி முடிச்சவங்களுக்கும் அது உண்டுன்னு 2021-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டுக் கேஸ்தான்.

ஜெயிச்சாச்சு... பணம் எங்கே?

சமாதானம் படியலை, அப்பா ஜெயிச்சுட்டார்னு வைங்க. கோர்ட் ரெண்டு பேப்பர் தரும். ஒண்ணு தீர்ப்பு. எப்படி யோசிச்சு இந்த முடிவுக்கு வந்தேன்னு நீதிபதி சொல்ற காரணங்கள். இன்னொண்ணு தீர்ப்பாணை. யார் யாருக்கு என்ன தரணும்ங்கிற ரிசல்ட். மார்க் ஷீட் மாதிரி. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் கேட்டு முதல் வருஷத்துல கண்டிப்பா ஒரு கேள்வி உண்டு.

பேப்பர் கையில வந்துட்டா பணம் வந்துடுமா? அதான் இல்ல. அவர் தரலைன்னா நிறைவேற்று மனு போடணும். 'இ.பி. போட்டிருக்கேன்'னு சொல்றாங்களே, அதுதான். பணத் தீர்ப்பாணையை நிறைவேத்த 12 வருஷம் டைம் உண்டு. சொத்தை ஜப்தி பண்ணி ஏலம் விடலாம், சம்பளத்துல பிடிக்கலாம். இந்தக் கட்டத்துலதான் நிறைய பேர் சலிச்சுப் போய் விட்டுடுறாங்க. நிறைவேற்று மனுவை ஆறு மாசத்துல முடிக்கணும்னு 2021-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவே போட்டது. நாளைக்குக் கறுப்பு கோட் மாட்டப் போறவங்களே, கேஸ் ஜெயிக்கிறதோட உங்க வேலை முடியலை. கட்சிக்காரர் கையில காசு சேரணும்.

அதே ஏரியா, இன்னொரு கட்டடம்

அஸ்தம்பட்டியில கோர்ட் மட்டும் இல்ல. சேலம் மத்திய சிறையும் இங்கேதான். சிவில் கேஸ்ல பணம் போகும். இங்கே சுதந்திரமே போகும். அதனால இந்தப் பக்கத்து வார்த்தைகளைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை. தண்டனை இல்ல, விசாரணையோட ஸ்டார்ட் பட்டன். புகார் கொடுத்தவருக்கு அதோட நகல் இலவசம். சம்பவம் வேற ஸ்டேஷன் எல்லையில நடந்திருந்தாலும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' போட்டு அங்கே அனுப்பணும்.

கைது பண்ணினா, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அரசியல் சட்டத்தோட 22-வது பிரிவு சொல்றது இது. அவர் காவல்ல வைக்க உத்தரவு போட்டா ரிமாண்ட். வெளியே விட்டா ஜாமீன். கைதுக்கு முன்னாடியே வாங்கினா முன்ஜாமீன். போலீஸ் 60 நாளுக்குள்ள, பெரிய குற்றம்னா 90 நாளுக்குள்ள, குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணலைன்னா ஜாமீன் கேட்கிறது கைதானவரோட உரிமை.

'420', '302', '144' எல்லாம் நமக்குச் சினிமா கத்துக் கொடுத்த நம்பர்ஸ். எல்லாம் மாறிப் போச்சு. 2024 ஜூலை 1-ல இருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா. சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம். மோசடி 420 இப்போ 318(4). கொலை 302 இப்போ 103. ஊரடங்கு 144 இப்போ 163. ஆனா, அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். பழைய புக்கைக் கடையில போட்டுடாதீங்க, ரெண்டும் வேணும்!

இந்தச் சிறைச்சாலைக்கு ஒரு கறுப்பு நாள் உண்டு. 1950 பிப்ரவரி 11. கம்யூனிஸ்ட் கைதிகள் மேல சிறைக்குள்ளேயே துப்பாக்கிச்சூடு நடந்து 22 பேர் இறந்து போனாங்க. பெரும்பாலோர் மலபார்க்காரங்க. நம்ம அரசியல் சட்டம் அமலுக்கு வந்து அன்னிக்கு வெறும் 16 நாள்தான் ஆகியிருந்துச்சு. 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி தவிர, யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது'ங்கிற 21-வது பிரிவும் அப்போ அமல்ல இருந்தது.

அதே வருஷம், விசாரணை இல்லாம மெட்ராஸ் மாகாணத்துல அடைச்சு வைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன், ஆட்கொணர்வு மனுவோட சுப்ரீம் கோர்ட் போனார். 'ஆளை அடைச்சு வச்சிருக்கியா? கோர்ட்ல கொண்டு வந்து நிறுத்து, காரணம் சொல்லு'ன்னு அரசையே கேட்கிற மனு அது. நீதிப்பேராணைகள் அஞ்சுல இதுதான் ரொம்பப் பழசு, ரொம்பப் பவர்ஃபுல். ஆனா கோபாலன் தோத்தார். நாடாளுமன்றம் ஒரு நடைமுறையைப் போட்டிருந்தா போதும், அது நியாயமான்னு கோர்ட் பார்க்காதுன்னு பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னாங்க. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

28 வருஷம் கழிச்சு, 1978-ல மேனகா காந்தி கேஸ்ல நிலைமை தலைகீழ். நடைமுறை இருந்தா மட்டும் போதாது, அது நியாயமாவும் இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது. மைனாரிட்டி தீர்ப்பை 'தோத்த கட்சி'ன்னு ஸ்கிப் பண்ணாதீங்க. நாளைய சட்டம் சில நேரம் அங்கேதான் தூங்கிக்கிட்டு இருக்கும்.

சேலம் கேஸையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணு 80,000 ரூபாய் கடன் மாதிரி சமாச்சாரம், இன்னொண்ணு உயிர். ரெண்டுலயும் கேள்வி ஒண்ணுதான். 'விதிப்படி நடந்தா மட்டும் போதுமா, நியாயமாவும் நடக்கணுமா?' சட்டப் படிப்பு முழுக்க இந்தக் கேள்வி உங்க பின்னாடியே வரும்.

பாக்கெட் அகராதி

தடையாணை: 'இதைச் செய்யாதே'ன்னு ஒரு ஆளுக்குப் போடுற உத்தரவு. 'ஸ்டே'ங்கிறது ஒரு உத்தரவையோ, நடந்துக்கிட்டிருக்கிற கேஸையோ நிறுத்தி வைக்கிறது.

கேவியட்: 'என்னைக் கேட்காம என் எதிரிக்கு உத்தரவு போட்டுடாதீங்க'ன்னு முன்கூட்டியே துண்டு போட்டு வைக்கிறது. 90 நாள் செல்லும்.

முன்தீர்ப்புத் தடை: முடிஞ்சுபோன கேஸையே அதே ஆளுங்க திரும்பப் போட முடியாது. ரீ-வேல்யுவேஷனுக்கு மேல்முறையீடு இருக்கு, அரியர் எக்ஸாம் கிடையாது!

ஐ.ஏ.: கேஸ் நடக்கும்போதே போடுற இடைக்கால மனு.

ஏ.எஸ்.: மேல்முறையீட்டு வழக்கு.

எச்.எம்.ஓ.பி.: இந்து திருமணச் சட்ட மனு. விவாகரத்து கேஸ்கள் இந்த நம்பர்ல வரும்.

முன்னுதாரணத் தீர்ப்பு: மேல் கோர்ட் சொன்ன சட்டம் கீழ் கோர்ட்டைக் கட்டும். ஆனா, தீர்ப்புல வர்ற எல்லா வரியும் கட்டாது. முடிவுக்கு அடிப்படையான காரணம்தான் கட்டும், அதுக்குப் பேரு ரேஷியோ. போற போக்குல சொன்ன கருத்து ஓபிட்டர்.

சைட்டேஷன்: '(2005) 6 எஸ்.சி.சி. 344'னு இருந்தா பயப்படாதீங்க. 2005-ம் வருஷம், ஆறாவது வால்யூம், 'சுப்ரீம் கோர்ட் கேசஸ்' புத்தகம், 344-ம் பக்கம். லைப்ரரியில எடுத்துப் பாருங்க. அதுதான் சேலம் கேஸோட ரெண்டாவது தீர்ப்பு!

கடைசியா ஒண்ணு...

'இதெல்லாம் காசு இருக்கிறவங்களுக்குத்தானே?'ன்னு கேட்பீங்க. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவல்ல இருக்கிறவங்க... இவங்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987 கொடுக்கிற உரிமை இது. தர்மம் இல்ல. மத்தவங்களுக்கு வருமான வரம்பு இருக்கு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்க, இல்லைன்னா 15100-க்குப் போன் போடுங்க.

லா படிக்கிறவங்களுக்கு ஒரு ஐடியா. திறந்த நீதிமன்றம்ங்கிறது நம்ம நாட்டு வழக்கம். பெரும்பாலான விசாரணையை யார் வேணும்னாலும் பின் பெஞ்சுல உட்கார்ந்து பார்க்கலாம். போனை ஆஃப் பண்ணிட்டு, ஒரு முழு நாள் முன்சீஃப் கோர்ட்ல உட்காருங்க. வாய்தா ஒவ்வொண்ணும் யாருக்கோ ஒரு நாள் கூலி, ஒரு பஸ் டிக்கெட், ஒரு ராத்திரி தூக்கம்னு அங்கே புரியும். அது புரிஞ்சுட்டா, செக்ஷன் எல்லாம் தானா மனசுல நிக்கும்.

ஆல் தி பெஸ்ட், வருங்கால வக்கீலுங்களா!